அணைக்காத போன்

வலது தோளில் ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டை. கழுத்தெலும்பு தனியாகக் கழன்று வருவதுபோல வலி. இது பதினோராவது மூட்டை. இதைச் சுமக்கவேண்டிய அவசியமே எனக்கில்லை. கீழே சந்தில் என் கார் நிற்கிறது. சட்டைப்பையில் போன் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் டாக்ஸி ஆப்பில் வரும் ஒரு சவாரி.

பத்து நாளுக்கு முன், ராம்சீஸ் ரயில் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஆறு டாக்ஸி டிரைவர்கள் கூடினோம். யோசனை அஷூர் அண்ணனுடையது. ஆபீஸ் விடும் நேரத்தில் எல்லாரும் போனை அணைத்துவிட்டால், வண்டிக்குப் பஞ்சம் என்று நம்பி ஆப் கம்பெனி கட்டணத்தை ஏற்றும். ஏறியதும் எல்லாரும் ஒன்றாகப் போனைப் போட்டுக்கொள்ளலாம். சுற்றியிருந்த நாலு டீக்கடையிலும் இதே ஏற்பாடு. கம்பெனிக்காரன் நமக்கு எதைச் சொல்கிறான், நாமும் அவனுக்குச் சொல்லவேண்டாம் என்றார்.

யாரும் ஏமாற்றாமலிருக்க, அணைத்த ஆறு போன்களும் ரொட்டிக்கூடையில் விழுந்தன. நான் போட்டது திரை உடைந்த பழையது. ஓடுகிற போன் காலுறைக்குள் இருந்தது. ஆறு பேரில் எவனாவது ஒருத்தன் ஏமாற்றத்தான் செய்வான் என்று நினைத்தேன். அப்படி நினைத்த நானே அந்த ஒருத்தன்.

கொஞ்ச நேரத்தில் காலுறை துடித்தது. மேசைக்கடியில் எடுத்துப் பார்த்தேன், கம்பெனியின் செய்தி: இப்போது ஓட்டும் டிரைவருக்குச் சவாரிக்கு எண்பது பவுண்டு ஊக்கத்தொகை. மகளுக்குக் காய்ச்சல் என்று எழுந்தேன். ஓடு, பிள்ளையைப் பார் என்றார் அஷூர். நாலு சவாரி அடித்தேன். என்னைப்போல இன்னும் எத்தனை காலுறைகளோ, கட்டணம் ஏறவேயில்லை. சேர்ந்து அணைத்துச் சேர்ந்து போட்டவர்களை மறுநாளே கம்பெனி ஒரு மாதம் முடக்கிவிட்டது. என்னை முடக்கவில்லை. என்னையும் முடக்கிவிட்டதாக அஷூரிடம் சொன்னேன். அதனால்தான் அவர் இந்தச் சுமைவேலையை எனக்கும் சேர்த்துப் பிடித்தார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டேன். வெறுங்கையோடு இறங்கிவந்த அஷூர் பார்த்தார்.

"சீட்டுல உக்காந்து உக்காந்து குண்டிதான் பெருத்திருக்கு உனக்கு. முதுகு எங்கடா போச்சு?"

போன் மறுபடி துடித்தது.

"யாருடா விடாம கூப்புடறது?"

"வீட்டுலண்ணே."

"எடுத்துப் பேசு. புள்ளைக்குத் தேவலையான்னு கேளு. மூட்டையக் குடு இப்படி."

போனைக் காதில் வைத்து, எதிரில் ஆளே இல்லாத பேச்சில், மகளின் காய்ச்சலை விசாரித்தேன். என் மூட்டையோடு அவர் மேலே ஏறிக்கொண்டிருந்தார். படியெல்லாம் சிமென்ட் தூள். அதில் அவருடைய செருப்புத்தடம். அவருக்கு நான் தரவேண்டியது ஒரு வாக்கியம், இன்னும் தரவில்லை: காய்ச்சல் எதுவும் இல்லை அண்ணே, அன்னைக்கு வண்டி ஓட்டினது நான்.