மகள் சுற்றிக் காட்டிய ஊர்

கால் இரண்டும் என்னுடையவைதானா என்றே தெரியவில்லை. கல்யாணமாகி ஏழு மாதம், மகள் குடித்தனம் நடத்தும் லட்சணத்தைப் பார்ப்போம் என்று வந்தால், காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து ஊரைத்தான் காட்டுகிறாள். கலங்கரை விளக்கம், மீன் ஏலம் விடும் கொட்டகை, கப்பலைப் பழுது பார்க்கும் இடம், அருங்காட்சியகம். ஐந்தரை மணி பஸ்ஸில் நான் திரும்ப வேண்டும்.

"வீடு எங்கடி?"

"போலாம்மா. பழைய கோட்டையப் பாக்க வேண்டாமா?"

"கோட்டையில எனக்கென்ன முடிசூட்டப் போறாங்களா?"

சொல்லிக்கொண்டே நடந்தேன். பெண் ஊரைக் கரைத்துக் குடித்திருந்தாள். எந்தப் பெஞ்சில் மூன்று மணிக்கு நிழல் விழும், எந்தக் கழிப்பறைக்குக் காசு கேட்கமாட்டார்கள், நூலகத்தில் எந்த மூலையில் உட்கார்ந்தால் விரட்டமாட்டார்கள், எல்லாம் அத்துப்படி. முதலில் பெருமையாகத்தான் இருந்தது. படகுத்துறைக் காவலாளி அவளைப் பார்த்து, "என்னம்மா, இன்னிக்குத் துணைக்கு ஆள் இருக்கு போல?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதெல்லாம் எதற்குத் தெரிய வேண்டும்?

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். "இனி ஒரு அடி எடுத்து வைக்கமாட்டேன். உண்மையைச் சொல்லு."

கடலைப் பார்த்தபடி சொன்னாள். "அவர் வேலைக்குப் போறப்ப வீட்டைப் பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போயிடுவாரும்மா. நானும் வெளிய வந்துடணும். ஆறு மணிக்கு அவர் வந்து திறந்தாத்தான் உள்ள போகலாம்."

"தினமுமா?"

"ம். சம்பாதிக்காதவளுக்குப் பகல்ல வீடு எதுக்குன்னு கேக்கறாரு."

"மழை பெஞ்சா?"

"நூலகம்."

"காய்ச்சல் வந்தா?"

படியில் கிடந்த சிப்பி ஒன்றைப் பொறுக்கித் தண்ணீரில் எறிந்தாள்.

அடப்பாவி! தங்கமான மாப்பிள்ளை என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தவள் நான்தானே. என் கையாலேயே பாழுங்கிணற்றில் தள்ளியிருக்கிறேன்.

"எழுந்திரு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"துணிமணியெல்லாம் உள்ள இருக்கும்மா."

"கிடக்கட்டும். நாளைக்கு உன் மாமன் வந்து எடுத்துக்குவான்."

"அவர் என்னைத் தேடுவாரே."

"தேடட்டும். ஊர் பூரா நடந்தே தேடட்டும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், ஊரைத் தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, நம்ம வீட்ல பகல்ல தூங்கலாம்ல?"