விரல் நுனியில் வீடு

புது ரூட்டர் வேண்டும் என்று நச்சரித்தது நான்தான். பழையதில் அம்மாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்துதான் வரும். "சாப்பிட்டியாடி?" என்ற கேள்வி வந்து சேர்வதற்குள் அம்மா அடுத்த கேள்விக்குப் போயிருப்பாள். அவள் கடல் தாண்டி தம்பி வீட்டில் இருக்கிறாள். என் பாஸ்போர்ட்டோ, புதுப்பிக்கப் போன இடத்தில் யார் மேசையிலோ தூங்கிக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்கு ஈரல் கெட்டுவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்த பிறகு, அவளைப் பார்க்க எனக்கு அந்தப் போன் திரையை விட்டால் வேறு வழியில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். யாரையாவது கண்காணித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஆனாலும் மனசு வைத்து வாங்கி வந்தார். கூடத்து அலமாரி உச்சியில் தூசி அப்பிக் கிடந்த பழையதைக் கழற்றிவிட்டு, நாலு கொம்போடு புதுசை உட்கார வைத்தார். உடனே அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் நெற்றி மரு வரைக்கும் தெரிந்தது.

"என்னடி இது, பக்கத்துலயே உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு அவர் மேல் நிஜமாகவே பிரியம் பொங்கியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ரூட்டரோடு ஒரு செயலியும் வந்தது, அவர் போனில் மட்டும். எந்தப் போன் எவ்வளவு நேரமாக நெட்டில் இருக்கிறது என்று அதில் தெரியும். ஒவ்வொரு போனுக்கும் எதிரே ஒரு பொத்தான். தட்டினால் அந்தப் போனுக்கு மட்டும் நெட் நின்றுவிடும்.

"பாத்தியா, வீடே இப்ப என் விரல் நுனியில!" என்றார்.

முதலில் விளையாட்டுதான். காபி தாமதமானால் பட்டென்று நிறுத்துவார். நான் அடுப்படியிலிருந்து கத்துவேன், அவர் சிரிப்பார், நானும் சிரித்துத் தொலைப்பேன். பிறகு கிடங்கிலிருந்தே நிறுத்த ஆரம்பித்தார்.

"யார்கிட்ட இவ்வளவு நேரம்?"

"அம்மாகிட்டதாங்க."

"தினமும் பேச அப்படி என்னதான் இருக்கு?"

சாகக் கிடக்கிறவளிடம் பேச என்ன இருக்கிறது என்று கேட்கிற மனுஷன் அவர். என் போனுக்குத் தனியாக நெட் போட்டுத் தாருங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "வீட்டுலயே வெள்ளமா ஓடுது, உனக்கு எதுக்குத் தனியா?" என்று முடித்துவிட்டார்.

அன்று காலை அவர் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, அம்மாவுக்கு மூச்சு ஒரு மாதிரி வாங்குது. நீ லைன்லயே இரு."

போனை அம்மாவின் தலைமாட்டில் சாய்த்து வைத்தான். அம்மா கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள்.

"தலை வாரலயா இன்னும்?"

"இதோ வாரிக்கறேம்மா."

சீப்பை எடுத்து வந்து அவள் முன்னால் உட்கார்ந்து வாரினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நடுவில் இவர் அழைத்தார், துண்டித்தேன். மறுபடி அழைத்தார், மறுபடியும் துண்டித்தேன். அப்புறம் அவர் அழைக்கவில்லை.

"இன்னும் கிட்ட வாடி" என்றாள் அம்மா. போனை முகத்தருகே கொண்டுபோனேன். பாதி திறந்த வாயோடு படம் அப்படியே நின்றுவிட்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குச் சாதாரண அழைப்பு போட்டேன்.

"இப்ப மட்டும் போன் பண்ணத் தெரியுதா?"

"நெட்டைப் போடுங்க, அங்க அம்மாவுக்கு..."

"நான் எத்தனை தடவை கூப்பிட்டேன்? கொஞ்ச நேரம் நீயும் காத்துக் கிட."

வைத்துவிட்டார். திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. என் போனில் நெட் இல்லாமல் கடல் தாண்டிப் பேச வசதி கிடையாது. பின்னாத தலையோடு ஓடிப்போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். எதிர் வீட்டம்மா ஈரக் கையோடு திறந்தார். கேட்டதும் பதறிப்போய்த் தன் ரூட்டரைக் கவிழ்த்து, அடியில் பொடி எழுத்தில் இருந்த பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அவசரத்தில் தப்பாக அடித்தேன். "பதறாதம்மா, மறுபடி சொல்றேன்" என்று முதலிலிருந்து படித்தார்.

ஒருவழியாக இணைப்பு வந்தது. தம்பி உடனே எடுக்கவில்லை. எடுத்தபோது கூரையும் சுழலும் மின்விசிறியும்தான் தெரிந்தன. அவன் அழுகிற சத்தம் கேட்டது.

"ஏன்க்கா வச்சே? 'வச்சுட்டாளா?'ன்னு கேட்டாங்க. எனக்கு ஆத்திரமா வந்துச்சு, உன்னைத் திட்டிட்டேன். 'அவளைத் திட்டாதடா, பாவம், வேலை இருந்திருக்கும்'னாங்க. அதுக்கப்புறம் பேசவே இல்லக்கா."

நான் வைக்கவில்லை என்று தம்பியிடம் சொன்னேன். அவன் நம்பினான். அம்மா நம்பிக்கொண்டு போனது வேறு.