விசிறிக்குக் கீழே

...சீ, என்ன வாடை இது, சுடுதண்ணீரில் வாரக்கணக்காய் ஊறிய பிளாஸ்டிக்கின் வாடை, எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போவதில்லை, நேற்று சோற்றைப் பிசையும்போதே குமட்டிவிட்டது... குமுதா இடுக்கியால் தொட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் துண்டை எடுத்தாள். பார்த்தால் சாது, ஆனால் உள்ளே எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று தராசுக்குத்தான் தெரியும், மேல் ஈரத்தை டிஷ்யூவில் ஒற்றி உடனே எடை போட வேண்டும், உடனே! தாமதித்தால் குடித்த தண்ணீர் காற்றோடு போய்விடும், எடை குறையும், கெட்ட துண்டும் நல்ல பிள்ளையாகிவிடும். அது தெரிந்துதானே மேலாளர் கோகிலன் அண்ணன் போன வாரம் வந்து பல்லைக் காட்டினார். "என்னாம்மா அவசரம், ஃபேன் கீழ கொஞ்ச நேரம் வெச்சிட்டு எடை போடு லா. எல்லாம் பாஸாயிரும். இந்த ஆர்டர் போச்சுன்னா பிறை ஃபேக்டரியில நம்ம லைனையே மூடிருவானுங்க." தூ! என்ன குழைவு, என்ன இளிப்பு! இன்சுலின் கருவிக்கு மூடி இது, யார் வயிற்றிலோ ஒட்டிக்கொண்டு வியர்வையில் ஊறப்போகிறது, ஈரம் இறங்கிக் கருவி நின்றுபோனால்? அவருக்கென்ன, மத்தியானம் நாசி கண்டார் சோற்றை ஒரு கட்டு கட்டிவிட்டு ஏப்பம் விடுவார். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டாமா? "சரிண்ணே" என்றாளே, அந்தச் 'சரி'தான் எல்லாவற்றையும்விட அசிங்கம்... போகட்டும், அன்றைக்கு மட்டும்தான், இன்று உள்ளதை உள்ளபடி எழுதுவது என்று காலையில் ஃபெரியில் வரும்போதே முடிவு செய்தாயிற்று. மூடினால் மூடட்டும், பக்கத்தில் புக்கிட் தெங்காவில் இல்லாத ஃபேக்டரியா?

கதவு திறந்தது. அவரேதான். சொல்லட்டும், இன்றைக்கு வாயைத் திறக்கட்டும், நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட வேண்டியதுதான்... "முடிஞ்சிச்சாம்மா?" "இன்னும் இல்லண்ணே." அவர் அவளைத் தாண்டி மேசையின் ஓரத்தைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார், வந்த வழியே போய்விட்டார். எதற்கு அந்தத் தலையாட்டல்? ஒன்றுமே சொல்லவில்லையே, மனம் மாறிவிட்டாரோ, அந்த மனுஷனா... அவர் பார்த்த பக்கம் திரும்பினாள். விசிறிக்குக் கீழே, விரித்த டிஷ்யூவின் மேல், காலையிலிருந்து எடுத்த துண்டுகள் எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. சற்றுமுன் எடுத்த துண்டும் அங்கேதான் கிடந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. இன்றைக்கு அவர் வைக்கச் சொல்லவே இல்லையே... இடுக்கி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.