விசாரிக்கலாம் என்று இருந்த இடத்தில்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே சண்டை போடப் போன இடத்தில்தான். என் புத்தகத்தின் புரூஃப் மூன்று வாரமாக வரவில்லை. பதிப்பாளர் என்னைக் கேட்கிறார், நான் யாரைக் கேட்பது? புரூஃப் பார்ப்பவர் பகலில் அரசு அச்சகத்தில் வேலை செய்கிறவர். என்னைப் போன்றவர்களின் புத்தகங்களை வாரக் கடைசியில் வீட்டில் வைத்துப் பார்த்துக் கொடுப்பார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தவரின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"உக்காருங்க. உங்க புத்தகத்துல ஒரு பக்கம்கூடப் பாக்கல. ஏன்னு சொன்னா நீங்களே திட்ட மாட்டீங்க" என்றார்.

சொன்னார். நான் திட்டவில்லை. திட்டாததோடு, அதைக் கதையாக எழுத அனுமதியும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். என் புத்தி வேறு எங்கே போகும்? அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அச்சுக்குப் போகும் முன் கதையை அவர் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இது காவல் துறைச் சட்டத்தில் வந்த ஒரு திருத்தத்தைப் பற்றியது. சட்டம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விவகாரம் ஒரே ஒரு சொல்லில்தான். யாரும் சாகப்போவதில்லை, அதையும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "சட்டசபையின் மணிக்கூண்டில் பத்து அடிக்க இன்னும்

வேண்டாம். அந்தச் சட்டசபையில் மணிக்கூண்டு கிடையாது.

இரண்டாவது: "அதிகாரம் என்பது எப்போதும் ஒரு வினைமுற்றின் வாலில்தான்

இது கட்டுரை. அதுவும் என்னைவிடப் படித்தவர் எழுத வேண்டிய கட்டுரை.

மூன்றாவது: "புரூஃப் அக்காவின் தம்பிக்கு வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது." இதை வைத்துக்கொள்வோம்.

புரூஃப் அக்கா என்றுதான் அச்சகத்தில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள், அவரைவிட வயதில் பெரியவர்கள்கூட. தம்பி எலெக்ட்ரீஷியன். ஆறு வருடத்துக்கு முன் அவர் ஒயரிங் செய்த வீட்டில் நகை காணாமல் போனது. போலீஸ்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள், அந்த வீட்டு அலமாரிக்குப் பின்னாலேயே நகை கிடைத்துவிட்டது. போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த தம்பியால் ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்க முடியவில்லை.

அந்த மூன்று நாளில் உள்ளே என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதி, அடித்துவிட்டேன். சொந்த அக்காவிடமே அவர் முழுதாகச் சொன்னதில்லை. நான் யார் இட்டுக்கட்ட?

3

காவல் துறை மீதான புகார்களுக்கென்று ஒரு மேற்பார்வைக் குழு உண்டு. தம்பி அங்கே புகார் கொடுத்தார். பழைய சட்டம் இப்படிச் சொன்னது: "பெறப்பட்ட புகாரைக் குழு விசாரிக்கலாம்."

இந்த "லாம்" இருக்கிறதே, வீட்டுக்குள் இருக்கும்வரை தங்கமான பிள்ளை. சாப்பிடலாமா, கிளம்பலாமா, கொஞ்ச நேரம் படுக்கலாமா என்று எல்லோரையும் அனுசரித்துப் போகும். அலுவலகப் படி ஏறியதும் அதற்கு வேறு முகம் வந்துவிடும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "பார்க்கலாம்" என்றால் அவர் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். இதை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

தம்பி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய் வருவார்.

"என்னடா சொன்னாங்க?"

"பாக்கலாம்னாங்க."

மூன்றாம் வருடத்திலிருந்து அக்கா கேட்பதை நிறுத்திவிட்டார். தம்பியே வாசலில் செருப்பைக் கழற்றியபடி "லாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போவார்.*

(* ஓரத்தில் பச்சை மையில், புரூஃப் அக்காவின் கையெழுத்து: "செருப்பக் கழட்டும்போது இல்ல. சட்டையக் கழட்டி ஆணியில மாட்டும்போது. எழுதறதுதான் எழுதறீங்க, சரியா எழுதுங்க.")

4

இந்த வருடம் அந்தச் சட்டத்துக்குத் திருத்த மசோதா வந்தது. அதில் மூன்று காரியங்கள். கையில் கம்பைக் கொடுத்து ரோந்துக்கு அனுப்பிய தொண்டர் படைத் திட்டத்தை மூடுவது. எல்லாக் காவல் நிலையங்களிலும் விசாரணை அறையில் கேமரா வைப்பது. மூன்றாவது, தூங்கிக்கொண்டிருந்த மேற்பார்வைக் குழுவைத் தட்டி எழுப்புவது. அதற்குத்தான் பிரிவு 14: "பெறப்பட்ட புகாரைக் குழு தொண்ணூறு நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும்." நிலுவையில் கிடக்கும் பழைய புகார்களுக்கும் இது பொருந்தும்.

முப்பத்தெட்டுப் பக்கம். வெள்ளி காலை பத்தரைக்குச் சபை கூடும்போது உறுப்பினர்களின் மேஜையில் இருந்தாக வேண்டும். வியாழன் பிற்பகல் புரூஃப் அக்காவும் ரேடியோவும் உட்கார்ந்தார்கள்.

ரேடியோ என்பது ஓர் ஆள். சட்ட புரூஃபை ஒருவர் தனியாகப் பார்க்க முடியாது. மூலப்பிரதியை ஒருவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர் அச்சான தாளில் கண்ணை ஓட்டிக்கொண்டே டிக் அடிப்பார். படிப்பவர் எதையும் விட மாட்டார். "கால்புள்ளி", "அடைப்பு திற", "அடைப்பு மூடு", "புதுப் பத்தி" என்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வார். இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி, ரேடியோவுக்குச் செய்தி வாசிப்பவர் மாதிரிக் குரல் படிந்துவிட்டது. வீட்டில் மனைவியிடம் கோபித்துக்கொள்ளும்போதும் முற்றுப்புள்ளியைச் சேர்த்துச் சொல்கிறார் என்று கேள்வி.

பிரிவு 14 வந்தது. "தொண்ணூறு நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும், முற்றுப்புள்ளி" என்றார் ரேடியோ.

புரூஃப் அக்கா டிக் அடித்தார். அடிக்கும்போது கண்ணில் நீர் நிறைந்து தாள் மொத்தமும் கலங்கியிருந்தது.

4அ

(சட்டத்தில் பிறகு நினைவுக்கு வந்ததை இப்படித்தான் நுழைப்பார்கள், எண்ணை மாற்றாமல் ஓர் "அ" ஒட்டி. எனக்கும் இது பிறகுதான் நினைவுக்கு வந்தது.)

தன் தம்பியின் புகார் அந்தக் குழுவில் கிடக்கிறது என்று புரூஃப் அக்கா மேலாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்திருப்பார்கள். அவர் சொல்லவில்லை. "புள்ளி, கொம்பு பாக்கறதுல என்ன சொந்தம் பந்தம்னு நெனச்சேன்" என்றார் என்னிடம். கொஞ்ச நேரம் கழித்து, "பொய். அந்த வரிய வேற யாரும் பாக்கக் கூடாதுன்னு இருந்துச்சு" என்றார்.

5

(நீக்கப்பட்டது.)

இதில் மீசையை முறுக்கும் ஓர் இன்ஸ்பெக்டர் இருந்தார். நன்றாகத்தான் மிரட்டினார். ஆனால் தம்பியை ஆறு வருடம் அலைக்கழித்தது மீசை இல்லை, ஒரு விகுதி. மீசையை அனுப்பிவிட்டேன்.

6

வெள்ளிக்கிழமை காலை ஏழரை. தம்பி பல் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, அந்த வரிய இன்னொரு தடவ சொல்லேன்."

சொன்னார்.

"'வேண்டும்'னு நீயே பாத்தியா?"

"பாக்காம என்னடா? கேட்டேனே..."

அங்கேயே நின்றுவிட்டார். கேட்டது நினைவில் இருந்தது. ரேடியோவின் குரல் அப்படியே காதில் இருந்தது. தாளில் அந்தச் சொல் எப்படி இருந்தது, வரியின் முடிவிலா, நடுவிலா? ஒன்றுமே நினைவில் இல்லை. முப்பது வருடமாகப் பார்த்த ஒவ்வொரு பிழைக்கும் இடம் சொல்லக்கூடியவர் அவர்.

அச்சகத்துக்கு ஓடினார். அச்சான மசோதாக் கட்டுகள் அரை மணி முன்பே சட்டசபைக்குப் போய்விட்டன. அலுவலகப் பிரதியைப் புரட்டினார். "தொண்ணூறு நாட்களுக்குள் விசாரிக்கலாம்." பக்கத்திலேயே பச்சை மையில் அவருடைய டிக், நல்ல பெரியதாக.

நடந்தது இதுதான். டைப் செய்தவர் நேரம் மிச்சம் பிடிக்கப் பழைய சட்டத்தின் கோப்பைத் திறந்து அதன் மேலேயே புதியதை அடித்திருக்கிறார். தொண்ணூறு நாள் ஏறியது, பழைய வால் அறுபடவில்லை. அதைப் பிடிக்கத்தான் புரூஃப் அக்கா இருந்தார். அவர்தான் அன்றைக்குக் காதால் பார்த்துவிட்டாரே.

இது இப்படியே நிறைவேறினால் தம்பியின் புகார் பழையபடி "லாம்" கிணற்றில்தான். அடுத்த திருத்தம் எத்தனை வருடத்தில் வருமோ?

7

சட்டசபை இரண்டு தெரு தள்ளி. ரேடியோவையும் இழுத்துக்கொண்டு போனார். சபைச் செயலாளர் நிதானமான மனிதர். பிழைதிருத்தச் சீட்டு அடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டலாம், சபை கூடும் முன் ஒட்டினால் செல்லும் என்றார். அதற்கு ஒரு படிவம். பிழை யாருடையது என்ற இடத்தில் "என்னுடையது" என்று எழுதினார் புரூஃப் அக்கா. முப்பது வருடத்தில் முதல் முறை. கடைசியில் ஒரு கேள்வி: "திருத்தம் கோருபவருக்கு இதில் சொந்த நலன் உண்டா? உண்டு / இல்லை."

ரேடியோ குனிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். "அக்கா, 'இல்ல'ன்னு போடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்று சொல்லி, "உண்டு" என்பதைச் சுற்றி வட்டம் போட்டார்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது?"

"என் தம்பி புகார் அங்க நிலுவையில இருக்கு சார்."

"நீங்க என்ன கேக்கறீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா? உங்க தம்பிக்குச் சாதகமா ஒரு சட்டத்துல வார்த்தைய மாத்தச் சொல்றீங்க."

"மாத்தச் சொல்லல சார். இருந்தத வெக்கச் சொல்றேன்."

"நான் படிச்சேன் சார்" என்றார் ரேடியோ, இப்போது முழுக் குரலில். "விசாரிக்க வேண்டும், முற்றுப்புள்ளி!"

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்க குரல வெச்சு சட்டம் போட முடியாதுய்யா. மூலப்பிரதி எங்க?"

அச்சகத்தில். டைப் செய்தவருக்குப் போன் போனது. மணி ஒன்பது ஐம்பது.

8

அவர் வருவதற்குள் நமக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. எனக்குத் தோன்றிய வேறு முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: புரூஃப் அக்கா "இல்லை" என்பதைச் சுற்றி வட்டம் போடுகிறார். சீட்டு ஒட்டப்படுகிறது, சட்டம் நிறைவேறுகிறது. பிறகு ஒருநாள் யாரோ கண்டுபிடித்து, பிரிவு 14-ஐயே சந்தேகப்பட்டு

இரண்டு: மூலப்பிரதி வருகிறது. அதில் "விசாரிக்கலாம்" என்றுதான் இருக்கிறது. ரேடியோ அக்காவுக்காக மாற்றிப் படித்திருக்கிறார், அக்காவுக்கும் அது உள்ளூரத் தெரியும், ஆகவே

இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அரை மனதோடு அல்ல, முழு மனதோடு எழுதி, புரூஃப் அக்காவிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் படித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்தார்.

"உங்க கதைக்கு ருசி வேணும்னா என் தொழில்மேலயா கைய வெப்பீங்க? முப்பது வருஷத்துல எத்தனையோ வரி எனக்குப் பிடிக்காம இருந்துச்சு. இந்த 'லாம்' இருந்த பழைய சட்டத்தோட மறுபதிப்பே என் கையில வந்துச்சு, தெரியுமா? தம்பி அழுதுட்டு இருந்த வருஷம். அப்பகூட டிக்தான் அடிச்சேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. கிழித்துவிட்டேன். இங்கே இருப்பது கிழிந்ததன் மிச்சம்.

9

பத்து மணிக்கு டைப் செய்தவர் ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்து மூலப்பிரதியை நீட்டினார். செயலாளர் புரட்டினார். பிரிவு 14.

மசோதாவை எழுதிய சட்ட அதிகாரி முதலில் "விசாரிக்கலாம்" என்றுதான் எழுதியிருந்தார். பிறகு அதைக் கோடு போட்டு அடித்திருந்தார். தாள் கிழியும் அளவுக்கு அழுத்தமான கோடு. மேலே "விசாரிக்க வேண்டும்" என்று எழுதி, யாரும் கேள்வி கேட்கக் கூடாதென்று தேதியோடு சுருக்கொப்பமும் போட்டிருந்தார்.

முகம் தெரியாத யாரோ ஒருவர், தன் அறையில் உட்கார்ந்து யோசித்து, அதை அடித்திருக்கிறார். புரூஃப் அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அப்பாடா" என்று சொல்லக்கூட வாய் வரவில்லையாம். நான் அவருக்காகச் சொல்லிக்கொள்கிறேன். அப்பாடா.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. நூற்று நாற்பது சீட்டுகள். புரூஃப் அக்கா, ரேடியோ, ஹெல்மெட் போட்டபடியே டைப் செய்தவர், எல்லோரும் பசையும் கையுமாக உறுப்பினர்களின் மேஜை மேஜையாகப் போனார்கள். கடைசி வரிசைக்குச் செயலாளரே வந்து ஒட்டினார். கோணலாக ஒட்டினார், அக்கா பிரித்துச் சரியாக ஒட்டினார். மசோதா பன்னிரண்டே முக்காலுக்கு நிறைவேறியது. அக்காவின் பணிப்பதிவேட்டில் ஒரு கண்டிப்பு ஏறியது. அதைப் பற்றிச் சொல்லும்போது அவர் சிரித்தார். இத்தனை சந்தோஷமாகத் திட்டு வாங்கிய ஆளை நான் பார்த்ததில்லை.

10

நாற்பத்தோராம் நாள் தம்பிக்கு அழைப்பு வந்தது. விசாரணைக்குக் குறித்த நாளில் அக்காவும் கூடப் போனார். உள்ளே விட மாட்டார்கள். கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு, ஒரு மேஜை, வருகைப் பதிவேடு. மேஜையில் இருந்த பெண் பேனாவை நீட்டினார். தம்பி இடது கையால் வாங்கி, தாளை ஒருபக்கமாகச் சாய்த்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இடது கைப் பழக்கமா உங்களுக்கு?"

"இல்லம்மா" என்றார் தம்பி. "அதச் சொல்லத்தான் உள்ள போறேன்."

கதவு திறந்தது. அவர் போனார். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே அவர் என்ன சொன்னார், குழு என்ன முடிவு செய்தது என்று நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியாது. தெரிந்தாலும், ஆறு வருடம் கழித்து ஒரு மனிதன் முதன்முதலாகத் தன் வாயால் சொல்கிற இடத்தில் நான் புகுந்து பேசுவது முறையில்லை. வாசகரே, அந்தப் பெஞ்சில் இன்னோர் ஆள் உட்கார இடம் இருக்கிறது. அக்கா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு மணி நேரமாகிவிட்டது. உள்ளே தம்பி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.