எஸ்டேட்காரியின் ஏரி

துணி வியாபாரியின் ஏழு மாடிக் கட்டிடம் ஒரு புதன்கிழமை மத்தியானம் ஏரியாக மாறியது. உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் துணிமூட்டைகளோடு கரைப் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையிலிருந்த தேநீர்கூடச் சிந்தவில்லை.

காரணம், எதிர்வீட்டு மாடியில் பொய்ப்பல் செய்துவந்த பெண். பூங்காக்கள், ஏரிகள், செயற்கைக் குன்றுகளை அமைப்பது எப்படி என்று சொல்லும் பழங்காலப் புத்தகங்கள் என்றால் அவளுக்கு உயிர். இடிக்கப்போகும் மாளிகைகளிலும் பழைய காகிதக் கடைகளிலும் அலைந்து சேர்த்தவை கட்டிலுக்கடியில்வரை அடைந்து கிடந்தன. ஆனால் வீட்டில் ஒரு பூந்தொட்டி கிடையாது. அதனால் தெருவில் அவளுக்கு எஸ்டேட்காரி என்று பெயர். கூட இருந்த அண்ணன், “செடி நட ஒரு சாண் மண்ணில்ல, ஏரி வெட்டப் புத்தகமா?” என்று தலையில் அடித்துக்கொள்வார்.

வியாபாரி மாடிமேல் மாடி எழுப்ப, அவள் ஜன்னலில் வெயில் நின்றுபோனது. பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் ஒத்துப்பார்க்க முடியும். விளக்கடியில் செய்த பற்கள் மஞ்சளடித்துத் திரும்பி வந்தன. நியாயம் கேட்கப் போனவளிடம் வியாபாரி, “வெயில் என்ன உங்க வீட்டுச் சொத்தாம்மா?” என்று சிரித்தார். திரும்பி வந்தவள், இருப்பதிலேயே பழைய புத்தகத்தைத் திறந்தாள். அதில் ஒவ்வொரு படத்தின் மேலும் ஒரு மடிப்புத் தாள் ஒட்டியிருந்தது. தாள் மூடியிருந்தால் இப்போதுள்ள நிலம். தூக்கினால், தோட்டம் போட்டபின் அது எப்படியிருக்கும் என்ற படம். கோபத்தில், ஏரிப் படத்தின் மேலிருந்த தாளை வெடுக்கென்று தூக்கினாள். பட்டறை மேசை முழுக்க வெயில் விழுந்தது.

வியாபாரி அதிகாரிகளோடு படியேறி வந்தார். “அந்தத் தாளை மூடும்மா.”

“மூட மாட்டேன்.”

அதிகாரிகள் ஏரியின் ஆழத்தை அளந்து பார்த்தார்கள். வீட்டில் புத்தகத்தைத் திறந்து வைக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்று சொல்லிவிட்டு, கரையில் சற்றுக் காற்று வாங்கிவிட்டுப் போனார்கள்.

அடுத்து வியாபாரி அண்ணனைப் பிடித்தார். புத்தகத்தை மூடினால் கடையில் மேலாளர் வேலை. அண்ணன் அன்று சாயங்காலம் வெகுநேரம் புத்தகத்தின் முன்னால் நின்றார். அவள் ஒரு கடைவாய்ப்பல்லை ராவிக்கொண்டே, “மூடணும்னா மூடுண்ணா. நான் மறுபடியும் தூக்குவேன்” என்றாள். தங்கையின் தலைநரையில் வெயில் படுவதை அவர் அப்போதுதான் கவனித்தார். கீழே இறங்கிப் போய், “அவ புத்தகம், அவ வெளிச்சம். நீங்க கிளம்புங்க” என்று அங்கே காத்திருந்த வியாபாரியிடம் சொல்லிவிட்டு வந்தார்.

வியாபாரி விடவில்லை. தெருமுனையில் பழையதைவிட உயரமாக ஒரு கட்டிடத்தைக் கட்டத் தொடங்கினார். இரண்டு வருடத்தில் அதன் நிழல் நீண்டு வந்து ஜன்னலைத் தொட்டது. அன்று காலை, வீட்டில் ஒரு புத்தகத்தையும் தொட்டறியாத அண்ணன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“இதுக்கு எந்தப் பக்கம்?”

அவள் புரட்டிக் காட்டினாள். அவரே தூக்கினார்.

தெருவுக்கு வரும் பேருந்து அன்றிலிருந்து குன்றைச் சுற்றிக்கொண்டு போகிறது.