கொக்கி தெரிகிற கேமரா

மூன்று நாளாக அவள் கேமராக் கடைக்காரரின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் செல்போன் கோபுரங்களில் ஏறி வேலை பார்ப்பவன். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் கேமரா ஒன்று கையில் இருந்தால், எந்த போல்ட் கழன்றிருக்கிறது, எந்தக் கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று தரையில் நின்றே பார்த்துவிடலாம். பாதி தடவை ஏறுகிற வேலை மிச்சமாகும். பிறந்தநாள் பரிசாக அதைக் கொடுத்து அவனை அசத்திவிட வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

"ரெண்டுல ஒண்ணச் சொல்லும்மா," என்றார் கடைக்காரர். "சின்னது கைக்கு லேசு. பெருசு கனம், ஆனா அறுபது மடங்கு இழுத்தாலும் படம் ஆடாது."

"நீங்க சொன்னா ஆச்சா? நான் பாக்கணும்ல?"

கடை மூன்றாவது மாடியில். நாலு தெரு தள்ளி ஒரு கோபுரம் நின்றது. இன்றைக்கு அவனுக்கு அங்கேதான் வேலை. இதைவிட நல்ல பரீட்சை எங்கே கிடைக்கும்?

முதலில் சின்னதை நீட்டினாள். மஞ்சள் தலைக்கவசம் ஒன்று நடுங்கிக்கொண்டே தெரிந்தது. அவன்தான். அந்தத் திமிரோடு வேறு யாரும் நிற்க முடியாது. சிரிப்பு வந்தது. இடுப்புப் பெல்ட்டின் கொக்கியைக் கம்பியில் மாட்டியிருக்கிறானா என்று தேடினாள். படம் ஆடிய ஆட்டத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"அண்ணே, அதக் குடுங்க."

பெரிய கேமராவை ஜன்னல் விளிம்பில் ஊன்றினாள். படம் அசையாமல் நின்றது. கொக்கி எதிலும் மாட்டாமல், அவன் தொடையோரம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டாமல் ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டேன் என்று காலையில்தான் சத்தியம் செய்துவிட்டுப் போயிருந்தான் அந்த மகராசன்.

ஆத்திரத்தில் போனை எடுத்து அழுத்தினாள். மணி அடித்தது. கேமராவுக்குள் அவன் வலது கை கம்பியை விட்டுவிட்டுச் சட்டைப் பையைத் தடவியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எங்கே இருந்தாலும் என் போனை எடுத்தே ஆக வேண்டும் என்று சண்டை பிடித்துச் சட்டம் போட்டவள் அவள்தான். சட்டென்று அழைப்பைத் துண்டித்தாள். அந்த உதறலில் கேமரா விலகிவிட்டது. உள்ளே வெறும் வானம். கோபுரமும் இல்லை, அவனும் இல்லை.

"அண்ணே, ஆளக் காணோம்!"

"பதறாதம்மா. பக்கத்துல ஒரு பட்டன் இருக்கு பாரு, அத அழுத்து. படம் விரியும். ஆள நடுவுல கொண்டுவந்துட்டு விடு."

அழுத்தினாள். மூலையில் கோபுரம் வந்தது, அதில் மஞ்சளாக ஒரு புள்ளி. விட்டாள். அவன் இருந்தான், காதில் போனோடு. அவள் போன் அடித்தது.

கத்தினால் திடுக்கிட்டுவிடுவான். கோபத்தை அடக்கிக்கொண்டு எடுத்தாள்.

"என்ன, கூப்பிட்டுட்டுக் கட் பண்ணிட்ட?"

"ஒண்ணுமில்லங்க. கொக்கி மாட்டியிருக்கீங்கதான?"

"பின்ன? மாட்டாம நிப்பேனா?"

கொக்கி தொடையோரம் ஆடியது. அவள் கண் நிறைந்தது. கண்ணைத் துடைக்கவும் பயமாக இருந்தது.

"சரி. எனக்காக இன்னொரு தடவ மாட்டுங்க."

அவன் கீழே பார்த்தான், அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, திருட்டு முழியோடு கொக்கியை எடுத்துக் கம்பியில் மாட்டினான். அந்தச் சத்தம் போனில் கேட்டது.

"மாட்டிட்டேன்," என்றான் மெதுவாக.

"தெரியுது," என்று சொல்லி வைத்தாள். கேமராவிலிருந்து கண்ணை எடுத்துச் சுவரில் சாய்ந்தாள். கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, பெரிய கேமராவைப் பெட்டியில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"பிறந்தநாள் பரிசுன்னியேம்மா, கலர் பேப்பர் சுத்தித் தரவா?"

"வேணாம்ணே. இது எனக்கு."