மூன்றாவது தலை

அறையில் இருந்தவர்கள் மூன்றே பேர், அவர், மருமகள், பேத்தி, வேறு யாரும் பார்க்கவில்லை, அந்த மட்டில் நல்லது... ஆனாலும் மருமகள் வெள்ளைத் துண்டைத் தோளில் போர்த்தி, "குனிங்க மாமா, இன்னைக்கு உங்களை விடறதா இல்லை" என்றபோது உடம்பெல்லாம் கூசியது. முப்பது வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து எந்த நீதிபதிக்கும் வளையாத முதுகு, இப்போது ஒரு சீப்புக்காக... இரண்டு தடவை மருந்து போட்டாயிற்று, இரண்டு தடவையும் பேத்தியின் தலை சுத்தமாகி, பத்தே நாளில் மறுபடியும் பேன். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதாக மருமகள் அப்போதே சொன்னாள், அவர்தான், எனக்கா, நம் குடும்பத்திலா என்று எழுந்துபோனார். பேன்சீப்பு காதுக்குப் பின்னால் சுரண்டி இழுத்தது, துண்டில் ஏதோ உதிர்ந்தது, "தாத்தா, உங்களுதுதான் குண்டு!" என்று பேத்தி கைதட்டினாள். தினமும் இவர் தோளில் தலை சாய்த்துத் தூங்குகிற குழந்தை.

அப்படியானால் அந்தக் கீழ்வீட்டுத் தையல்காரியின் மகள்... நாலு வீட்டார் கேட்க மாடிப்படியில் நின்று, "உங்க பொண்ணை மேலே அனுப்பாதீங்கம்மா, பேனை வாரி இறைச்சிட்டுப் போகுது" என்று சொன்னது எந்த வாய்? "சரிங்கய்யா" என்றாள் தையல்காரி, அவ்வளவுதான், மறுநாள் அந்தப் பெண் மொட்டைத் தலையில் தொப்பியோடு பள்ளிக்குப் போனாள், படியில் இவரைக் கண்டதும் சுவரோடு ஒட்டி நின்றாள். "பேனைப் பெருமாளாக்கிட்டீங்க மாமா," என்றாள் மருமகள், கோபமாகக்கூட இல்லை. "சொல்லுங்க, எப்ப இருந்து அரிக்குது?"

"சூடு," என்றார். சூடா? அண்ணன் வீட்டில் ஒரு வாரம் தங்கி, அண்ணனின் தலையணையில் படுத்து வந்ததிலிருந்து அரிக்கிறது, தையல்காரி குடிவர இன்னும் இரண்டு மாதம் இருந்தது அப்போது... தெரியாதா, தெரிந்தேதானா? வெளியே சொல்லிவிடாதே அம்மா என்று கேட்க வாயெடுத்தவர், தலையை இன்னும் குனிந்துகொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு முடி வளர்ந்துவிடும், வளர்ந்துவிடும்... ஆனால் சுவரோடு ஒட்டி நின்றது? நாலு படி இறங்கினால் அவள் கதவு, அந்த நாலு படியை இந்தக் கால்கள் இறங்குமா?

கீழ்வீட்டிலிருந்து பேன் மேலே ஏறியது என்று கட்டடத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். மேல்வீட்டிலிருந்துதான் இறங்கியது.